தர்மலிங்கம் கடை நம்பர்

இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் தலைமைப் பொறுப்பைத் தாங்கி, தலைக்கு மேலே மின்விசிறி சுற்றாவிட்டாலும் முகம் சுளிக்காமல் புன்னகை பூத்து வீற்றிருக்கும் நம் சங்கத் தலைவர், பெருமதிப்புக்குரிய டத்தோ நடராஜா அவர்களே! மேடையின் வலப்புறத்தை அலங்கரிக்கும் ஆலய நிர்வாகத்துச் சான்றோர்களே! இடப்புறத்தில், நம் மருந்தகத்துக்குக் கணினித் திட்டத்தை அமைத்துக் கொடுத்த நிறுவனத்தின் சார்பில் வந்திருக்கும் அன்புத் தம்பி சசிதரன் அவர்களே! செம்பனைக் காட்டில் செருப்புத் தேய நடந்து, சேலையில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிவிட்டு, முகம் கழுவிப் பூ வைத்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! வாரம் முழுவதும் தொழிற்சாலையில் நின்ற கால்களோடு, கிடைத்த ஒரே விடுமுறையையும் எங்களுக்குத் தந்துவிட்ட தம்பிமார்களே, தங்கைமார்களே! கோத்தா கோலா மூடாவின் கடற்காற்றை விட்டு வேன் பிடித்து வந்திருக்கும் உறவுகளே! குருண் கடைத்தெருவின் வணிகப் பெருமக்களே! பின்னால் சமையற்கட்டில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே காதை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பியிருக்கும் சகோதரிகளே! உங்கள் அனைவருக்கும் அச்சகக்காரன் கார்த்திகேசுவின் அடக்கமான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். கார்த்திகேசுவுக்கும் அடக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த மூலையில் ஒரு தம்பி கேட்பது காதில் விழுகிறது. தம்பி, மைக் என் கையில் இருக்கிறது. அதை மறந்துவிடாதே.

பெரியோர்களே! நம் சங்கம் இந்தக் குருணில் நடத்தும் இலவச மருந்தகத்தில், நோயாளிகளின் குறிப்புகளையெல்லாம் அட்டையிலிருந்து கணினிக்கு ஏற்றினோம். அந்தத் திட்டத்தை இன்னும் விரிவாக்க வேண்டும், அதற்கு இன்னும் பணம் ஒதுக்க வேண்டும் என்று இன்றைக்கு ஒரு தீர்மானம் வருகிறது. அதை ஆதரித்துப் பேசு என்று டத்தோ என்னைப் பணித்திருக்கிறார். யாரைப் பிடித்துப் பேசச் சொல்லியிருக்கிறார் பாருங்கள்! அந்த மருந்தகத்துக்கு நோயாளி அட்டை அச்சடித்தவன் யார்? நான். மருந்துச் சீட்டு அச்சடித்தவன் யார்? நான். மறுதேதிச் சீட்டு அச்சடித்தவன் யார்? அதுவும் நான். கணினி வந்தது, அத்தனையும் நின்றது. என் பிழைப்பில் மண்ணைப் போட்ட இயந்திரத்துக்கு என் வாயாலேயே பாராட்டுரை வாசிக்கச் சொல்கிறார் நம் தலைவர். வாசிக்கிறேன் டத்தோ. வஞ்சனை இல்லாமல் வாசிக்கிறேன்.

நல்லதை நல்லது என்று சொல்வதில் எனக்கென்ன நஷ்டம்? அட்டைகள் பட்ட பாடு என்னைவிட யாருக்குத் தெரியும்? கூரை ஒழுகி மை கரைந்து போன அட்டைகள் எத்தனை! கரையான் தின்று கதை முடித்த அட்டைகள் எத்தனை! தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் எழுதியதை வேறொரு டாக்டர் படிக்க முடியாமல், "இது மருந்து பேரா, இவரோட கையெழுத்தா?" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்த நாள்கள் எத்தனை! சென்ற ஆண்டு பெடோங்கிலிருந்து ஒரு பெரியவரை மூச்சுத் திணறலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். எந்த மருந்து அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று உடன் வந்த யாருக்கும் தெரியவில்லை. திரை சொல்லிற்று. சிவப்பு எழுத்தில் சொல்லிற்று. ஊசி மாறியது, உயிர் தங்கியது. அந்தப் பெரியவர் இன்றைக்குப் பந்தியில் முதல் இலைக்கு இடம் பிடித்து வைத்திருப்பதாகக் கேள்வி.

ஆகவேதான் உலகமெங்கும் இதற்குச் செலவு ஏறுகிறது. பெரிய நாடுகளும் செலவழிக்கின்றன, சிறிய நாடுகளும் செலவழிக்கின்றன. நம் நாட்டு மருத்துவமனைகளும் காகிதத்தை விட்டுக் கணினிக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. நம் சின்னஞ்சிறு சங்கத்திலும் அப்படித்தான். முதலில் கணினி என்றார்கள், வாங்கினோம். பிறகு மென்பொருள் என்றார்கள், வாங்கினோம். அதற்கு ஆண்டுச் சந்தா என்றார்கள், கட்டினோம். நோயாளிக்குத் தானாகவே குறுஞ்செய்தி அனுப்பும் வசதி என்றார்கள், அதற்கும் கொடுத்தோம். தீபாவளி விருந்தில் திரட்டியதும் அங்கேதான் போனது, நீங்கள் உண்டியலில் போட்டதும் அங்கேதான் போனது. போகட்டும். நல்ல இடத்துக்குத்தான் போனது. ஆனால் என் மனத்தை உறுத்துகிற கேள்வி ஒன்று உண்டு. செய்தி புறப்படுவதற்கு இவ்வளவு செலவழித்தோமே, அது போய்ச் சேருவதற்கு என்ன செலவழித்தோம்?

இந்தக் கேள்வியை என் நெஞ்சில் தூக்கிப் போட்டவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் செல்லாயி. ஜெனியாங் போகிற சாலையில் உள்ளே திரும்பும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் தொழிலாளி. அவருடைய உடம்பைப் பற்றிய கதையை ஊர் நடுவே சொல்லலாமா என்று எனக்குத் தயக்கம். முந்தாநாள் அவர் வீட்டுக்கே போய், பெயரைச் சொல்லாமல் பேசட்டுமா என்று கேட்டேன். "வேணாண்ணே, பேர சொல்லியே பேசுங்க. பேரில்லாம அனுப்பித்தான் இவ்ளோ கூத்தாச்சு" என்றார். அவர் சொன்னது இப்போது உங்களுக்கு விளங்காது. கொஞ்ச நேரத்தில் விளங்கும்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அந்தத் தோட்டத்தில் மட்டுமா? உங்களில் பலருக்கும் பழகிய வழக்கம்தான். யார் தொலைபேசி எண் கேட்டாலும் அங்கே சொந்த எண்ணைச் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டாலும், போலீஸ் நிலையத்தில் கேட்டாலும், மருந்தகத்தில் கேட்டாலும் ஒரே பதில்தான்: "தர்மலிங்கம் கடை நம்பர போட்டுக்குங்க."

ஏன் என்று கேட்கிறீர்களா? இல்லை, நீங்கள் கேட்க மாட்டீர்கள், உங்களுக்குத் தெரியும். மேடையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். லயத்து வீடுகளில் போன் லைன் கிடைக்காது. மரத்தடிக்குப் போனால் கொஞ்சம் கிடைக்கும், மழை வந்தால் அதுவும் போகும். காசு போடாவிட்டால் நம்பர் செத்துப்போகும், அடுத்த மாதம் புது நம்பர். வீட்டுக்கு ஒரு போன் இருந்தால் அதை வேலைக்குப் போகிற மகன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஆனால் தோட்டத்து முச்சந்தியில் தர்மலிங்கம் அண்ணன் மளிகைக் கடை இருக்கிறதே, அது விடிந்தால் திறக்கும், இருட்டினால்தான் மூடும். எண் மாறாது, ஆளும் மாற மாட்டார். அரிசி வாங்க வந்தவரிடம் ஆஸ்பத்திரிச் செய்தி சொல்வார். முட்டை வாங்க வந்தவரிடம் பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்தி சொல்லி அனுப்புவார். கருவேப்பிலையைப் போல அதுவும் இலவசம். அந்தக் கடைக்கு ஆண்டுதோறும் நாள்காட்டி அச்சடிப்பவன் நான். மற்ற கடைகளுக்கெல்லாம் சாமி படம் பெரிதாக இருக்கும். இவருக்கு மட்டும் தொலைபேசி எண் பெரிதாக இருக்க வேண்டும் என்பார்.

நம் மருந்தகத்தில் முன்பு தாதியாக மாரியம்மா மிஸ்ஸி இருந்தார், நினைவிருக்கிறதா? கை தட்டுங்கள், தட்ட வேண்டிய பெயர்தான். அவர் போனை எடுப்பார். "தர்மலிங்கம் அண்ணே, செல்லாயி அக்காவ திங்கக்கெழம வரச் சொல்லுங்க" என்பார். "சரி மிஸ்ஸி" என்பார் இவர். என்ன நோய் என்று அவரும் சொல்ல மாட்டார், இவரும் கேட்க மாட்டார். செல்லாயி திங்கட்கிழமை வந்து நிற்பார். இதில் தோட்டத்து மக்களுக்கு ஒரு பாடமும் பதிந்து போயிற்று. உடம்பில் ஏதாவது கோளாறு என்றால்தான் மருந்தகம் கூப்பிடும். கூப்பிடவில்லை என்றால் எல்லாம் நலம்.

மாரியம்மா மிஸ்ஸி ஓய்வு பெற்று மகளோடு ஈப்போவுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு நாம் வேறு ஆள் போடவில்லை. கணினிதான் வந்துவிட்டதே, செய்தியை அதுவே அனுப்பும், அந்தச் சம்பளத்தைச் சந்தாவுக்குக் கட்டலாம் என்று சங்கம் கூடி முடிவெடுத்தது. அப்போது யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. அட்டைகளில் இருந்த பெயர்களும் எண்களும் அப்படியே கணினிக்குள் போயின. ஒரு தோட்டமே தர்மலிங்கம் கடை நம்பரோடு கணினிக்குள் குடியேறியது.

சென்ற ஆண்டு சங்கம் நடத்திய மருத்துவ முகாமில் தாய்மார்களுக்கு மார்பகப் பரிசோதனை நடந்தது. படம் எடுக்கும் வண்டி தோட்டத்துப் பள்ளிக்கூடத் திடலுக்கே வந்தது. செல்லாயியும் வரிசையில் நின்றார். கூச்சத்தோடு நின்றார், பயத்தோடு நின்றார், ஆனால் நின்றார். கணவர் இல்லை, பிள்ளைகள் ஒருவர் பினாங்கில், ஒருவர் ஜொகூரில். "முடிவு வந்தா கூப்புடுவோம்" என்று முகாமில் சொல்லி அனுப்பினார்கள்.

முடிவு வந்தது. செல்லாயியின் படத்தில் ஒரு கட்டி. உடனே மேல் பரிசோதனை செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதினார். அவர் எழுதி முடித்த மறுகணம் கணினி செய்தி அனுப்பியது. நாமெல்லாம் கொடுத்த பணம் அந்தக் கணத்தில் கச்சிதமாக வேலை செய்தது. என்ன செய்தி? "தங்கள் பரிசோதனை முடிவு வந்துள்ளது. உடனடியாக மருந்தகத்துக்கு வரவும்." அவ்வளவுதான். பெயர் இல்லை.

பெயர் ஏன் இல்லை? தம்பி சசிதரனிடம் கேட்டேன். "ஒருத்தரோட நோய் விஷயம் வீட்டுல இன்னொருத்தர் கண்ணுல படக்கூடாது சார். அதனாலதான் பேர் வராது" என்றார். இதில் குற்றம் சொல்ல முடியுமா? ஒரு பெண்ணின் மானத்தைக் காக்க நினைத்தது குற்றமா? இல்லை அன்பர்களே, இல்லை. மானத்தை மதித்துத்தான் பெயரை மறைத்தார்கள். ஆனால் அந்தச் செய்தி போய் விழுந்த இடம் ஒரு மளிகைக் கடை.

இப்போது தர்மலிங்கம் அண்ணன் நிலையில் இருந்து பாருங்கள். அவரும் நம் நோயாளிதான், சர்க்கரைக்காரர். அந்த வாரம்தான் இரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். முடிவு வந்துள்ளது, உடனடியாக வா என்று செய்தி வந்தால் மனிதர் என்ன நினைப்பார்? அடுத்தவருக்கு என்றால் பெயர் சொல்லித்தானே வரும், பெயரில்லாமல் வந்ததால் தனக்குத்தான் என்று நினைத்தார். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு ஓடி வந்தார். கவுன்டரில் இருந்தவர்கள் அவருடைய பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். "உங்க ரிசல்ட் நல்லாத்தான் இருக்குண்ணே" என்றார்கள். "பின்ன ஏன் கூப்டீங்க?" என்றார். "சிஸ்டத்துல ஏதாச்சும் கோளாறா இருக்கும்" என்றார்கள். "தாப்பா, பரவால்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

நோயாளி வராவிட்டால் கணினி மறுபடியும் அனுப்பும். அதற்கும் நாம் காசு கட்டியிருக்கிறோம். மறுபடியும் அனுப்பியது. தர்மலிங்கம் அண்ணனுக்கு நடுக்கம் எடுத்துவிட்டது. தனக்கு ஏதோ பெரிய நோய், நேரில் சொல்லப் பயந்து டாக்டர் மறைக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார். டீயில் சீனியை நிறுத்தினார். அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்று மனைவிக்குக் காட்டினார். காசியாத்திரை போகிற மாப்பிள்ளை முகத்தோடு கடையில் உட்கார்ந்திருந்தாராம். சிரிக்காதீர்கள், அவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். சரி, சிரியுங்கள். அவரே சிரிக்கிறார்.

மூன்றாவது முறையும் செய்தி வந்தபோது அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் கடையில் கோதுமை மாவு வாங்க ஒருவர் நின்றுகொண்டிருந்தார். யார் தெரியுமா? செல்லாயி.

"இங்க பாரு செல்லாயி! திரும்பவும் கிளினிக்கு மெசேஜ். போனா ஒன்னுமில்லங்கறான், வந்தா உடனே வாங்கறான். என்னைய என்னான்னு நெனச்சிக்கிட்டு இருக்கான்?"

செல்லாயி அந்தக் கைப்பேசியை எட்டிப் பார்த்தார். "ஐயோ அண்ணே, ஸ்கேமா இருக்கும்லா! அத அமுக்கிடாதீங்க. அமுக்குனா பேங்குல இருக்கற காசெல்லாம் போயிருமாம். ரேடியோவுல கூட சொல்றாங்கள்ல? தொடவே தொடாதீங்க."

"அப்படித்தான் போல" என்றார் தர்மலிங்கம். அந்த எண்ணிலிருந்து இனி எதுவுமே வராதபடி அங்கேயே அடைத்துவிட்டார். செல்லாயி மாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

தாய்மார்களே! அந்தச் செய்தி யாருக்கு வந்தது? செல்லாயிக்கு வந்தது. யார் கண் முன்னே இருந்தது? செல்லாயியின் கண் முன்னே இருந்தது. யார் அதைத் தொடாதே என்றார்? செல்லாயியே தொடாதே என்றார்! எத்தனையோ கல் தொலைவிலிருந்து காற்றில் பறந்து வந்த செய்தி, கடைசியில் ஒரு தராசுத் தட்டின் அகலத்தைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டது. நம் மருந்தகக் கணினியோ பச்சைக் குறி போட்டு, "செய்தி சேர்ந்தது" என்று காட்டிக்கொண்டிருந்தது.

யாரைக் கடிந்துகொள்வது? அண்ணனுக்கு நல்லது நினைத்த செல்லாயியையா? வாங்கிய செய்தியை ஒருநாளும் தனக்குள் வைத்துக்கொள்ளாத தர்மலிங்கத்தையா? பெயரை மறைத்த சசிதரனையா? ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு நல்லதுதான் நினைத்தார்கள். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

நன்றி தங்கச்சி.

நாள்கள் போயின. மருந்தகத்திலிருந்து அழைப்பு வரவில்லை. அழைப்பு வரவில்லை என்றால் தோட்டத்தில் என்ன அர்த்தம்? சொன்னேன் அல்லவா? எல்லாம் நலம் என்று அர்த்தம். செல்லாயி மனம் குளிர்ந்து போனார். உடம்பில் ஒன்றுமில்லை, அம்மன் காப்பாற்றினாள் என்று தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தார். லயத்துக்கே கொடுத்தார். தர்மலிங்கம் கடைக்கும் ஒரு கிண்ணம் போனது. அந்தக் கட்டியோ உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது.

இந்தப் பூட்டு எப்படித் திறந்தது? எண்ணை அடைத்துவிட்டாரே, அதனால் தர்மலிங்கம் அண்ணனுக்கு அவருடைய சொந்த மருந்துத் தேதிச் செய்தியும் வரவில்லை. மாத்திரை தீர்ந்தது, சர்க்கரை ஏறியது, தலை சுற்றியது. மருந்தகத்துக்கு வந்து சண்டை போட்டார். அன்றைக்குக் கவுன்டரில் இருந்தவர் நளினி மிஸ்ஸி, ஊசி போடும் வேலைக்குப் புதிதாக வந்த தாதி. அவர் சண்டைக்குச் சண்டை போடவில்லை. "அண்ணே, உக்காருங்க. உங்க நம்பர் சரியா இருக்கான்னு பாப்போம்" என்று, பெயரைத் தட்டாமல் எண்ணைத் தட்டினார்.

திரையில் ஒரு பெயர் வர வேண்டும். வந்ததோ ஒரு தோட்டம்! தர்மலிங்கத்துக்குக் கீழே அம்மாசி, அம்மாசிக்குக் கீழே பிரேமாவதி, அதற்குக் கீழே இன்னும் இன்னும் என்று பெயர்கள் இறங்கிக்கொண்டே போயின. அட்டைக் காலத்தில் இப்படித் தேடியிருக்க முடியுமா? முடியாது. கணினியால்தான் முடிந்தது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு மனுஷி வேண்டியிருந்தது. நளினி ஒவ்வொரு பெயராகத் திறந்து பார்த்தார். ஒரு பெயரில் அவர் கை நின்றது.

தர்மலிங்கம் அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. "அந்த மெசேஜ் எனக்கு வந்தது இல்லையா? எங்க தோட்டத்துல யாருக்கோ வந்ததா? யாருக்கு மிஸ்ஸி? சொல்லும்மா, இப்பவே போய் கூட்டியாறேன்."

"சொல்லக்கூடாதுண்ணே."

"நான் வாங்கி வச்சிக்கிட்டு குடுக்காம போனனே! கடை தொறந்த நாள்லருந்து இப்படி நடந்ததில்லையே!" என்று அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுததாம்.

நளினி என்ன செய்தார்? "வண்டி எடுத்துட்டு வந்திருக்கீங்களா? என்னைய தோட்டத்துல கொண்டு போய் விடுங்க. யாருன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார். அரிசி மூட்டை ஏற்றும் கடை வேனில் இருவரும் போனார்கள். வேலைக் காட்டின் ஓரத்தில் பெண்கள் உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நளினி இறங்கினார். தர்மலிங்கம் அண்ணன் வேனைத் திருப்பி நிறுத்தினார். நளினி எந்தப் பெண்ணிடம் போகிறார் என்று தன் கண்ணில் படக்கூடாது என்பதற்காக, கண்ணாடியையும் மடக்கிவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மானம் காப்பது என்றால் அதுதானய்யா! கணினி பெயரை மறைத்தது, செய்தியும் சேர்ந்து மறைந்தது. தர்மலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், செய்தி போய்ச் சேர்ந்தது.

செல்லாயி கையிலிருந்த பழத்தைக் கீழே போட்டுவிட்டு நின்றாராம். "நீங்க கூப்புடலயே மிஸ்ஸி. கூப்புடலன்னா நல்லாருக்கேன்னுதான நெனச்சேன்? பொங்கல் கூட வச்சிட்டேனே" என்றாராம்.

அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகான மருந்து இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. தலைமுடி கொட்டிவிட்டது. முன்பே வந்திருந்தால் சிகிச்சை இவ்வளவு கடுமையாக இருந்திருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிழைத்துக்கொள்வாரா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். இன்றைக்கு அவர் இங்கே வர முடியவில்லை, உடம்பு முடியவில்லை. தர்மலிங்கம் அண்ணன் வந்திருக்கிறார், கடைசி வரிசையில், தூண் மறைவில். அண்ணே, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். தலையை மட்டும் நிமிர்த்துங்கள். இத்தனை ஆண்டுகள் ஒரு தோட்டத்துக்கே காதாக இருந்தீர்கள். எங்கள் யாருக்கும் நீங்கள் கடன்பட்டவர் இல்லை.

கேட்டீர்களா இந்தக் கைதட்டலை? இது ஈப்போ வரைக்கும் கேட்கும், மாரியம்மா மிஸ்ஸிக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே, தலைவர் அவர்களே, தீர்மானத்தை நான் ஆதரிக்கிறேன். கணினிக்குப் பணம் ஒதுக்குங்கள். தாராளமாக ஒதுக்குங்கள். ஒரே எண்ணில் பல பேர் இருந்தால் எச்சரிக்கும்படி மாற்றித் தருகிறேன் என்று தம்பி சசிதரன் ஒப்புக்கொண்டிருக்கிறார், அவர் நல்ல பிள்ளை. ஆனால் அந்தத் தீர்மானத்தில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். மாரியம்மா மிஸ்ஸி உட்கார்ந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது. அதில் ஒரு மனிதரை உட்கார வையுங்கள். அனுப்பிய செய்திக்கு ஆள் வந்தாரா என்று பார்ப்பவர் ஒருவர். வரவில்லை என்றால் போனை எடுப்பவர் ஒருவர். போனும் எடுபடவில்லை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு லயத்துக்குப் போகிறவர் ஒருவர். திரைக்குச் செலவழிக்கிற நாம் தெருவில் நடக்கிற ஒருவருக்குச் செலவழிக்க மாட்டோமா? சந்தா கட்டுகிற நாம் ஒரு சம்பளம் கட்ட மாட்டோமா? கட்டுவோம் என்பவர்கள் சொல்லுங்கள். சமையற்கட்டுக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொல்லுங்கள்!

சொன்னீர்கள். டத்தோ தலையாட்டுகிறார். குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்காக ஒன்று செய்யுங்கள். நம் மருந்தகத்தில் உங்கள் பெயருக்கு நேரே இருக்கிற எண், உங்கள் கையில் இருக்கிற எண்தானா? மகன் எண்ணைக் கொடுத்தவர்கள், மருமகள் எண்ணைக் கொடுத்தவர்கள், முதலாளி எண்ணைக் கொடுத்தவர்கள், எப்போதோ செத்துப்போன எண்ணைக் கொடுத்தவர்கள், வெட்கப்படாமல் கையைத் தூக்குங்கள். அதோ ஒரு கை. அந்தப் பக்கம் ஒரு வரிசையே தூக்குகிறது. ஏ அப்பா! கோத்தா கோலா மூடாவிலிருந்து வந்த வேன் முழுவதும் தூக்குகிறதா? டத்தோ, நீங்களுமா? தலைவர் கொடுத்திருப்பது அவருடைய டிரைவர் எண்ணாம்! டிரைவர் எங்கே டத்தோ? போன மாதமே வேலையை விட்டுப் போய்விட்டாராம்!

போதும், சிரித்துவிட்டோம். கையை இறக்கிக்கொள்ளுங்கள். இனி நான் சொல்வதைச் சிரிக்காமல் கேளுங்கள்.

இன்று காலையில் நளினி மிஸ்ஸி என்னிடம் ஒன்று சொன்னார். மருந்தகத்தில் இந்த வாரம் ஒருவருக்கு முடிவு வந்திருக்கிறது. உடனே வரச் சொல்லும் முடிவு. செய்தி போயிருக்கிறது, பச்சைக் குறி விழுந்திருக்கிறது. ஆள் வரவில்லை. அழைத்தால் யாரோ எடுத்து, அப்படி யாரும் இல்லை என்கிறார்களாம். கொடுத்த முகவரிக்குப் போனால் தோட்டத்தை விற்றுவிட்டார்கள், லயமே காலியாம். ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. ஆனால் அவர் இந்த மண்டபத்தில் இருக்கலாம். இப்போது தூக்கிய கைகளில் ஒன்று அவருடைய கையாக இருக்கலாம். உடம்பில் ஒன்றுமில்லை, கூப்பிடவில்லையே என்ற நிம்மதியோடு அவர் சாப்பாட்டுக்குக் காத்திருக்கலாம்.

பந்திக்குப் போகும் வாசலில் நளினி மிஸ்ஸி கணினியோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் மேசையில் நின்று, பெயரையும் எண்ணையும் சொல்லிவிட்டுத்தான் இலைக்குப் போக வேண்டும். எல்லோரும் போக வேண்டும். எண் சரியாக இருப்பவர்களும் போக வேண்டும். டத்தோவும் போவார், நானும் போவேன். ஒவ்வொருவரையும் மிஸ்ஸி உள்ளறைக்கு அழைத்து ஒரு நிமிடம் பேசுவார். எல்லோரிடமும் பேசினால்தான், அந்த ஒருவரிடம் பேசுவது யாருக்கும் தெரியாது. உங்களுக்கு முன்னால் போகிறவர் உள்ளே சற்றுத் தாமதித்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். வெளியே வரும்போது அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். சாம்பார் நன்றாக இருக்கிறதா என்று பேசிக்கொண்டு எதிர்ப்பக்கம் பாருங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கண்ணீரோடு கேட்ட தாய்மார்களுக்கும், அடிக்கடி குறுக்கே பேசினாலும் கடைசியில் அமைதியாகிவிட்ட அந்த மூலைத் தம்பிக்கும் என் நன்றி. என் வணக்கத்தை உட்கார்ந்தபடியே வாங்கிக்கொள்ளாதீர்கள். எழுந்து, வரிசைக்கு நடந்துகொண்டே வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.